மூன்று மாதம் தள்ளிப்போன என் ஸ்லீவ் ஆபரேஷன்

போன வாரம் ஒரு தங்கை, "எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன் சைக்காலஜிஸ்டைப் பார்த்துட்டு வாங்கன்னு சொல்றார், எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டிருந்தாள். கோபித்துக்கொள்ளாதேம்மா, நானும் 2024-ல் இதே கேள்வியைத்தான் கேட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எனக்கு அப்போது 43 வயது. உயரம் 158 செ.மீ., எடை 118 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 47. எட்டு வருடச் சர்க்கரை, முட்டிவலி, இரவில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை. அம்பத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் ஆட்கள் நின்றுகொண்டே வருவார்கள். அது பழகிவிட்டது. முட்டி பழகவில்லை.

சர்ஜன் ஸ்லீவ் செய்யலாம் என்றார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். ரத்தம், ஈசிஜி, எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் போனேன். பட்டியலின் கடைசியில் மனநல மதிப்பீடு என்று இருந்தது. வீட்டில் சொன்னதும் அம்மா, "கீழ்ப்பாக்கத்துக்கா அனுப்பறாங்க?" என்றாள். மெட்ராஸ்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது, எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியிருக்கிறது. நமக்கு அந்த ஏரியா பெயரே வசவு.

முதல் நாள் பரீட்சைக்குப் போவதுபோலப் போனேன். என்ன பதில் சொன்னால் பாஸ் என்று யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன். ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்வாக இருந்ததா, தூக்கம் எப்படி, அலுப்பு உண்டா என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். சைக்காலஜிஸ்ட் மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரத்துல ஒரு நாள்கூட அலுப்பா இல்லையாம்மா? எனக்கே இருந்துச்சே" என்றார்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றார். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி என்றேன். அதில் 118 கிலோ வராது என்று எனக்கே தெரியும். அவர் மறுத்துப் பேசவில்லை.

"வீட்ல எல்லாரும் சாப்பிட்டப்புறம் பாத்திரம் ஒழிக்கிறது யாரு?"

"நான்தான்."

"மிச்சம்?"

அங்கே மாட்டிக்கொண்டேன். பையன் வைத்த பாதி தோசை, குக்கர் அடியில் ஒட்டிய சோறு, அதில் தயிர் விட்டுப் பிசைந்து ஊறுகாயோடு நின்றபடியே நாலு வாய். பாட்டி காலத்திலிருந்து சோற்றைக் குப்பையில் கொட்டிப் பழக்கமில்லை. நின்றுகொண்டு சாப்பிட்டதை நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே வைத்ததில்லை. அப்புறம் இரவு பதினொன்றரைக்கு எல்லாரும் தூங்கியதும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்த மிக்சர், ரஸ்க். இதை டயட்டீஷியனிடம் சொன்னதில்லை, புருஷனிடமும் சொன்னதில்லை. அந்த மேடத்திடம் சொல்லிவிட்டு டிஷ்யூ பெட்டியைக் காலி செய்தேன்.

ஒரு நோட்டு போடச் சொன்னார். மணி, என்ன சாப்பிட்டேன், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரம் எழுதிப் பார்த்தபோது மிக்சர் நாட்களும் என் நாத்தனார் போன் செய்த நாட்களும் ஒன்றாக இருந்தன. சிரிப்புதான் வந்தது.

ஆபரேஷனே வேண்டாம் என்று மேடம் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்றார். மூன்று மாதம், எட்டு சிட்டிங். சர்ஜனும் அதையே சொன்னார். திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அழுதேன். கவுன்சலிங் பணம் என் கையிலிருந்துதான் போனது, அந்த எரிச்சல் வேறு.

நடுவில் ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தது. எடை குறைக்கும் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்த புதுச்சேரிப் பையன், 26 வயது, இறந்துபோனான். ஆபரேஷனே வேண்டாம் என்று அம்மா தினமும் அழுதாள். எனக்கும் தூக்கம் போயிற்று. அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று மேடம் சொல்வார் என எதிர்பார்த்தேன். பயத்தை அப்படியே கேள்வியாக எழுதிக்கொண்டு சர்ஜனிடம் போகச் சொன்னார். ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் என் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தாரா, இரைப்பையில் வெட்டித் தைத்த இடத்தில் கசிவு வந்தால் எப்படித் தெரியும் என்று பதினோரு கேள்வி. அம்மாவையும் கூட்டிப் போனேன். பதினோராவது கேள்வி அவளுடையது: "என் பொண்ணை எப்ப நடக்க வைப்பீங்க?" அன்று சாயங்காலமே என்றார் டாக்டர். அதன்பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

இன்னொரு சிட்டிங்கில், 80 கிலோ ஆனால் என்ன மாறும் என்றார் மேடம். எல்லாம் மாறும் என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சர்க்கரை குறையலாம், முட்டி லேசாகலாம், குறட்டை குறையலாம் என்று ஒத்துக்கொண்டார். "வீட்டுக்காரர் என்கூட உட்கார்ந்து பேசுவார்" என்றதற்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த முறை அவரையும் வரச் சொன்னார். "அவ வாயைக் கட்டினாப் போதாதா மேடம்?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். முடியும்போது இரவுப் பாத்திரம் ஒழிக்கும் வேலை அவர் தலையில்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேல்பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால் முதல் சில மாதம் எனக்குப் பசியே எடுக்கவில்லை. ஆனால் இரவு பதினொன்றரைக்குக் கால் தானாகச் சமையலறைக்குப் போனது. டின்னுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். மேடத்திடம் பழகிய அந்த மூன்று மாதப் பயிற்சி மட்டும் இல்லாமலிருந்தால் அன்று தையல் போட்ட வயிற்றோடு என்ன செய்திருப்பேனோ.

பெண்கள் யாராவது கல்யாணப் பந்தி பற்றிக் கேட்பீர்கள். அதற்கும் ஒத்திகை நடந்தது! "என்ன, இலையில கை வைக்கவே இல்லை?" என்பவர்களுக்கு, "வயித்துல ஆபரேஷன், டாக்டர் இவ்வளவுதான்னு சொல்லியிருக்கார்" என்று ஒரே வரி. விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் ஜாங்கிரி வந்து விழும்.

*

அக்கா, நான் தாம்பரம். எனக்கு பைபாஸ் செய்தார்கள், இதயத்தில் இல்லை, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலில் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது. குடிப்பீர்களா என்று கேட்டபோது வாரம் ஒருநாள் என்று சொன்னேன். நாலு நாள் என்பதுதான் நிஜம். பைபாஸுக்கு அப்புறம் சரக்கு ரத்தத்தில் வேகமாக ஏறும், இரண்டாவது வருடத்தில் புதிதாகக் குடிக்கு அடிமையாகிறவர்களும் உண்டு, சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடுவார்கள் என்று எச்சரித்தார்கள். பயமுறுத்துகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பதினான்காவது மாதம் நண்பன் கல்யாணத்தில் இரண்டே பெக். என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். முன்னாடியெல்லாம் அது எனக்கு ஆரம்பம். இப்போது மறுபடி அதே சைக்காலஜிஸ்டிடம் போகிறேன், உண்மையைச் சொல்லி.

*

எல்லாருக்கும் இந்த மேடம் மாதிரி அமைவதில்லை. என்னைப் பார்த்தவர் பத்து நிமிடம்கூட உட்கார வைக்கவில்லை. டிக் அடித்து, ஃபிட் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். மனச்சோர்வுக்கு மூன்று வருடமாக மாத்திரை எடுப்பதை, ஆபரேஷன் கேன்சலாகிவிடுமோ என்று நானும் மறைத்தேன். கடைசியில் டயட்டீஷியனிடம் உளறிவிட்டேன், அதுதான் நல்லதாயிற்று. கேன்சல் ஆகவில்லை. பைபாஸுக்குப் பிறகு மெதுவாகக் கரையும் மாத்திரைகள் உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம் என்று மனநல மருத்துவர் சாதாரண மாத்திரைக்கு மாற்றினார். நாலாவது மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது; இது வரும், போய்விடும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. பாத்ரூமில் உட்கார்ந்து அழுததை மறக்க மாட்டேன்.

*

எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தக் கேள்வித்தாளை நான் நிரப்பிக் கொடுக்கலாமா?

*

வேண்டாம் தம்பி. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், செய்வார்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். பையன் பக்கத்தில் இருந்தால் எந்த அம்மாவும் ராத்திரி மிக்சரைப் பற்றி வாய் திறக்க மாட்டாள்.

தங்கை, இப்போது எத்தனை கிலோ என்று நீ கேட்டதற்கு: 81 கிலோ. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. பாத்திரம் இன்னும் அவர்தான் ஒழிக்கிறார். வாணலியை மட்டும் ஊற வைக்காமல் அப்படியே விட்டுவிடுவார். நானும் கண்டுகொள்வதில்லை.