போர்டு மாற்றச் சொன்னார்கள்: குடும்பக் குழுவில் ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு

மதுரை அத்தை: தம்பி, இன்டக்‌ஷன் அடுப்பு மக்கர் செய்கிறது. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது. பால் வைத்தால் டிக் டிக் என்று சத்தம், அப்புறம் பீப் அடித்து அணைந்துவிடுகிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல் போர்டு போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும் என்றார்கள்.

சித்தப்பா: பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் அக்கா. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா?

மதுரை அத்தை: நன்றாக ஒட்டுகிறது. குக்கர், தோசைக்கல் எதை வைத்தாலும் இதே கதைதான்.

சித்தப்பா: எரர் எண் ஏதாவது வருகிறதா?

ஹரி: இ-0 வருகிறது மாமா. நெட்டில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள்.

சித்தப்பா: அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் மாப்பிள்ளை. அடுப்போடு வந்த புத்தகத்தில் பார்.

ஹரி: ‘பாத்திரம் இல்லை’ என்று போட்டிருக்கிறது.

சித்தப்பா: சரி. விளக்கும் ஃபேனும் ஓடுவதால் 18 வோல்ட், 5 வோல்ட் சப்ளை வருகிறது. ஐஜிபிடி, அதாவது பாத்திரத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளுக்கு (காயில்) கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச் சாமான், ஷார்ட் ஆகியிருந்தால் பெரும்பாலும் பியூஸையும் சேர்த்துக் காலி செய்திருக்கும், அடுப்பில் உயிரே இருக்காது. விலை கூடிய சாமான் எதுவும் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இதற்குப் போய் முழு போர்டை மாற்றச் சொல்வது அநியாயம்.

நித்யா: சித்தப்பா, எங்கள் வீட்டில் சூடு பார்க்கும் சென்சார் போய்த்தான் அடுப்பு நின்றது. அதுவாக இருக்குமா?

சித்தப்பா: சென்சார் போனால் பெரும்பாலும் வேறு எரர் காட்டும்மா. ஆனாலும் ஹரி அளந்து பார்க்கட்டும். காயில் நடுவில், கண்ணாடிக்கு அடியில் வெள்ளைப் பசையோடு இருக்கும். அநேகமாக 100 கே (ஒரு லட்சம் ஓம்) வகை. மாப்பிள்ளை, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடு. மீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து, கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும், 5 மைக்ரோஃபாரட் என்று எழுதிய பெரிய கெபாசிட்டரை அளந்து பார். 0 பக்கம் வந்த பிறகுதான் போர்டில் கை வைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது 5 வோல்ட் பக்கத்தைக்கூடத் தொடாதே. இந்த போர்டில் எல்லாமே நேரடியாக மெயினோடு சேர்ந்தது.

ஹரி: கெபாசிட்டரில் வோல்ட் இல்லை. சென்சார் கனெக்டரைக் கழற்றி அளந்தேன், 82 கே. விரலால் பிடித்தால் மெல்ல இறங்குகிறது.

சித்தப்பா: சூட்டுக்கு மதிப்பு இறங்குகிறது என்றால் சென்சார் நல்லது. காயில் முனையிலிருந்து எல்எம்339 ஐசி (வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் சில்லு) பக்கம் போகும் பெரிய ரெசிஸ்டர்களைப் பார். மஞ்சள், ஊதா, மஞ்சள் கோடு இருந்தால் 470 கே.

நித்யா: ரெசிஸ்டருக்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் சித்தப்பா?

சித்தப்பா: அடுப்பு முதலில் காயிலுக்குச் சின்னதாக ஒரு தட்டு தட்டும். அந்த டிக் சத்தம் அதுதான். கோயில் மணியை அடித்துவிட்டுக் கை வைத்தால் சட்டென்று அடங்கும் இல்லையா? மேலே பாத்திரம் இருந்தால் காயிலின் அதிர்வும் அப்படி அடங்கிவிடும், இல்லாவிட்டால் நீளும். எத்தனை அதிர்வு என்று எண்ணித்தான் பாத்திரம் இருக்கிறதா என்று அடுப்பின் மூளையான கன்ட்ரோல் ஐசி முடிவு செய்கிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோவது இந்த ரெசிஸ்டர்கள்தான். எந்நேரமும் ஹை வோல்டேஜில் நிற்பதால் நாளாக ஆக மதிப்பு ஏறிவிடும். வெளியே பார்த்தால் கருகல் எதுவும் தெரியாது.

ஹரி: நான்கு இருக்கின்றன மாமா. மூன்று 450, 460 கே காட்டுகின்றன. ஒன்று மட்டும் 2 மெகாவுக்கு (2,000 கே) மேல்.

சித்தப்பா: ஆள் மாட்டிக்கொண்டான்! போர்டில் வைத்தே அளக்கும்போது பக்கத்துச் சாமான்களால் மதிப்பு குறைவாகக் காட்டலாம். கூடுதலாக நிலைத்து நின்றால் அந்த ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். நான்கையும் மாற்றிவிடு, எல்லாம் ஒரே வயது. அதே 2 வாட் சைஸ் வாங்கு. கால் வாட் குட்டி ரெசிஸ்டர் இந்த வோல்டேஜைத் தாங்காது.

மதுரை அத்தை: எவ்வளவு ஆகும்?

சித்தப்பா: ஒரு டீ விலைதான் அக்கா.

(மாலை)

ஹரி: மாற்றிவிட்டேன். நேரடியாக பிளக்கில் போடலாமா?

சித்தப்பா: கூடாது! 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே அடுப்புக்குப் போகும்படி, போட்டு முதலில் பார். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்து. ஒரு முறை மின்னி அணைந்தால் நல்லது. பல்பு இருக்கும்வரை சூடாகாது, அதற்காகப் பயப்படாதே.

ஹரி: மின்னி அணைந்துவிட்டது. மேல் கண்ணாடியைப் பூட்டிவிட்டு நேரடியாகவும் போட்டேன். பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறது!

மதுரை அத்தை: பால் பொங்கிவிட்டது தம்பி. நன்றாக இருப்பாய்.

நித்யா: எங்கள் அடுப்பு இப்போது மழைக்காலத்தில் தானாகவே ஆன் ஆகிறது சித்தப்பா.

சித்தப்பா: பேனலுக்குப் பின்னால் உள்ள குட்டி சுவிட்சில் ஈரம் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, மாற்றித் தருகிறேன். அதுவரை சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி வை. ராத்திரி மறந்துவிடாதே.