உடையை வைத்து யாரையும் ஒதுக்காத மண் இது

பொதிகைச்செல்வன்:
வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஊரோடு ஒத்துப்போகாமல் உடுத்துகிறவர்களுக்கும் வாழ்கிறவர்களுக்கும் தமிழ்நாட்டில் நிம்மதியே கிடையாது என்று அடித்து எழுதியிருக்கிறார்கள். கோவணம் கட்டிய பட்டினத்தாரைச் சாமி என்று கும்பிட்ட மண் இது. 1921 செப்டம்பரில் காந்தி சட்டையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறியது மதுரை மேலமாசி வீதியில்தான். 2014 ஜூலையில் நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனதற்காகச் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த மாதமே, வேட்டி போன்ற மரபு உடைக்குத் தடை போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் வந்துவிட்டது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். திருநங்கையருக்கு நல வாரியம் 2008-லேயே இங்கே அமைந்துவிட்டது, இந்தியாவில் முதலாவதாக. இதற்கு மேல் என்ன சகிப்புத்தன்மை வேண்டும்?

ஊசிநூல்:
செல்வன் தம்பி, வேட்டி கட்டிய நீதிபதிக்காக வந்த சட்டத்தை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? வேட்டி ஊரே கட்டுகிற உடை. ஊர் கட்டுகிற உடைக்கு ஊர் சண்டை போட்டது. சேலையும் மரபு உடைதானே, சேலை கட்டிய திருநங்கைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று வக்கீல் வாதாடலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போனால் எந்தச் சட்டம் பிடித்து உட்காரவைக்கும்?

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், கடையில் நிற்க நேரமில்லை. பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து வாங்க, இன்னொருவர் துணைக்கு. அப்போது ஒரு திருநங்கை வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மாம்பழ நிறத் துணி. பெஞ்சின் நடுவில் இடம் இருந்தது, உட்கார்ந்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். ஹூக் பாதிதான் வைத்திருந்தேன். ஜாக்கெட்டைக்கூட வாங்கவில்லை. அந்தத் திருநங்கை ஒன்றும் பேசாமல் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி. அளவு எடுக்கும்போது, கையை முழங்கை வரைக்கும் இறக்கித் தைக்கச் சொன்னார். "கை மூடியிருந்தால் பஸ்ஸில் கொஞ்சம் நிம்மதி, அண்ணாச்சி" என்றார். இப்போது சொல்லுங்கள் உங்கள் மண்ணின் பெருமையை.

கரிசல்காட்டான்:
ஊசிநூல் அண்ணாச்சி, நானும் சங்கரன்கோவில்தான். உங்கள் கடைக்கு நேர் எதிரில் மினி பஸ் நிற்கும். பத்தரைக்கு வரும், அதை விட்டால் மதியம்தான். அந்தப் பெண்கள் பஸ்ஸுக்கு எழுந்து போயிருப்பார்கள். இதில் ஊரை ஏன் பழிக்கிறீர்கள்? அரனையும் அரியையும் ஒரே உடம்பில் சங்கரநாராயணராக வைத்துக் கும்பிடுகிற ஊர் இது.

ஊசிநூல்:
பஸ் வரவில்லை. வந்தால் ஹாரன் அடிப்பார்கள், கடைக்குள் கேட்கும். அவர்கள் எழுந்தபோது அடிக்கவில்லை. மணி பத்து இருபது. சாமி ஒரே உடம்பில் இரண்டாக நின்றால் தேங்காய் உடைக்கிறீர்கள். மனுஷி அப்படி வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்து போகிறீர்கள். இதைத்தான் நான் சொல்கிறேன்.

கரிசல்காட்டான்:
மணி பத்து இருபது என்று எப்படித் தெரியும்? தபசுக் காட்சி எத்தனை மணிக்கு என்று முன்பு இங்கே எழுதி, ஊரையே ஒரு மணி நேரம் முன்னால் வெயிலில் நிற்கவைத்தவர் நீங்கள்தானே? நேரம் சொல்வதில் உங்களை நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
வாதம் இருக்கட்டும். ஜாக்கெட், ஜாக்கெட் என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? இரவிக்கை என்ற நல்ல சொல் இருக்கிறது. மண்ணின் பெருமை பேசுகிற இடத்திலாவது அதைப் பயன்படுத்தக் கூடாதா?

ஊசிநூல்:
டீச்சர், இரவிக்கை என்று என் கடை போர்டில் எழுதினால் ஒருவரும் படி ஏறமாட்டார்கள். பாடம் நடத்த வேறு இடம் பாருங்கள். கரிசல்காட்டான், தபசு நேரத்தை நான் கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் எழுதினேன், நேரத்தை மாற்றியது அவர்கள். அதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்து தீர்த்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு பெண்களும் எழுந்தது பஸ்ஸுக்காக இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்திய வாயை மூடச் சொல்வதற்கு நீங்கள் யார்? திருநங்கைக்கு மரியாதை கேட்கிறவர் முதலில் மற்றவர்களுக்கு மரியாதை கொடுக்கப் பழகுங்கள்.

பொதிகைச்செல்வன்:
டீச்சர் சொல்வது நியாயம். அண்ணாச்சி எதற்கெடுத்தாலும் பாய்கிறார். ஒரு கடையில் இரண்டு பேர் எழுந்து போனதை வைத்து ஏழு கோடிப் பேருக்குத் தீர்ப்பு எழுதுகிறார். சித்திரையில் கூவாகம் போய்ப் பாருங்கள், கூத்தாண்டவர் கோயிலில் ஊரே திருநங்கையரிடம் ஆசி வாங்குகிறது. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டப்படி திருநங்கையும் மணமகள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. வெள்ளைக்காரன் போட்ட 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். பட்டியலில் பதிந்த திருநங்கையர் பெண் உடையில் தெருவில் வந்தாலே பிடித்து உள்ளே வைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. வெறுப்பு அவன் கொண்டுவந்தது, நம்முடையது இல்லை.

ஊசிநூல்:
அந்தச் சட்டத்தின் அந்தப் பகுதியை வட இந்தியாவில்தான் நடைமுறைப்படுத்தினார்கள், தம்பி. சங்கரன்கோவிலில் என் கடை பெஞ்சைக் காலி செய்ததற்கு வெள்ளைக்காரனைக் கூப்பிடாதீர்கள். கூவாகத்துக்கு நானும் போயிருக்கிறேன். கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து வெள்ளைச் சேலையில் அவர்கள் அழும்போது கும்பிட்டு நிற்கிறார்கள். அதே ஆட்கள் ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவர்கள் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொண்டே வருகிறார்கள். கும்பிடுவது சுலபம். பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டம். மதுரைத் தீர்ப்பு எதற்கு வந்தது? பதிவு அலுவலகம் அந்தக் கல்யாணத்தைப் பதிய மாட்டேன் என்றதால் வந்தது. வாசலில் மறித்த பிறகுதான் கோர்ட்டுக்குப் போனார்கள். அதைப் பெருமையில் எழுதுகிறீர்கள்.

நிலவரசி:
நான் திருநங்கை. ராஜபாளையத்தில் இருக்கிறேன். காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களில் ஒருவரான பிரித்திகா யாஷினி 2017-ல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனபோதும், நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அம்மாவுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோதும் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். மிட்டாயை வாங்கிக்கொண்டார்கள். வீடுதான் கொடுக்கவில்லை. பதினொரு வீடு பார்த்தேன். ஒரு வீட்டில் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தார்கள். பூஜை அறையில் வைத்திருந்த பணம் போலிருக்கிறது, நோட்டில் குங்குமம் ஒட்டியிருந்தது. இப்போது இருக்கும் வீட்டுக்கு மற்றவர்களைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுக்கிறேன். சாதாரணப் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போகலாம் என்று 2021 ஜூனில் எங்களுக்கும் சொன்னார்கள், போகிறேன். பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது. அந்த இரண்டு பெண்கள் ஏன் எழுந்தார்கள் என்பதை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசுங்களேன்.

கரிசல்காட்டான்:
சகோதரி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் பஸ்ஸைப் பற்றி நீங்களே சொன்னதால் சொல்கிறேன். அந்த மினி பஸ்ஸை ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்தவர். ஆடித்தபசு வாரத்தில் கூட்டம் ஏற்ற எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நிற்பாராம். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊசிநூல்:
முன்னாலேயே வந்து நிற்பார் என்றால் ஹாரன்? நின்ற பஸ்ஸும் ஹாரன் அடித்துத்தானே கூப்பிடும்? பாதி ஹூக் வைத்த ஜாக்கெட்டை விட்டுவிட்டு எந்தப் பெண்ணாவது பஸ் ஏறுவாரா? தபசுக்குப் போட்டுக்கொள்ளத் தைத்த ஜாக்கெட் அது. மதியம் தம்பியை அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். ஊருக்குப் பஸ் ஏறியவர்களுக்கு மதியமே தம்பி எப்படி வந்தார்?

பொதிகைச்செல்வன்:
தம்பி உள்ளூரில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். உங்களுக்கு ஊரைக் குற்றம் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு பெஞ்ச் கிடைத்துவிட்டது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. வேறு எந்த மாநிலம் உடைக்காகச் சட்டம் போட்டது?

ஊசிநூல்:
உங்கள் சட்டம் கிளப் வாசலோடு நிற்கிறது. என் கடைக்கும் நிலவரசிக்கு வீடு கொடுக்காதவர் வீட்டுக்கும் அது வராது. இதை எத்தனை முறை சொல்வது?

கரிசல்காட்டான்:
பேச்சை மாற்றாதீர்கள் அண்ணாச்சி. பஸ்.

ஊசிநூல்:
சரி, பஸ். அந்த இருவரில் ஒருவர் நேற்று பாவாடைத் துணி கொடுக்க வந்தார். நேராகவே கேட்டேன், அன்றைக்கு ஏன் அப்படி எழுந்து போனீர்கள் என்று. முகம் மாறிவிட்டது. "அவசரம் அண்ணாச்சி" என்றார். என்ன அவசரம் என்று சொல்லவில்லை.

கரிசல்காட்டான்:
பார்த்தீர்களா! அவசரம் என்றால் பஸ்தான். நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

ஊசிநூல்:
பஸ் என்றால் பஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், முகம் ஏன் மாற வேண்டும்? ஹாரன் பிறகுதான் கேட்டது. அப்போது நான் நோட்டில் தோள்பட்டை பதினாறரை, கை நீளம் பதினொன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டு இங்கேயே இருக்கிறது, நேரில் வந்து பாருங்கள்.

கரிசல்காட்டான்:
நோட்டில் மணி எழுதியிருக்கிறதா?