சிங்கப்பூரில் 1942-ஐத் தேடி ஒரு நாள்

நான் சிங்கப்பூர் போனது அது நாலாவது தடவை. முந்தைய மூன்றும் சென்டோசா, முஸ்தபா கடை, தேக்கா சாப்பாடு என்றே கழிந்தன. இந்தத் தடவை ஒரு நாளை முழுக்க இரண்டாம் உலகப் போர்க்கால இடங்களுக்கென்று ஒதுக்கி வைத்தேன்.

வெயில் ஏறுவதற்குள் கிராஞ்சி போர்வீரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். புல்சரிவில் 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். மேலே, உடல் கிடைக்காமல் போன 24,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிங், கான் என்று வரிகள் நீண்டுகொண்டே போகின்றன. தமிழ்ப் பெயர் கண்ணில் படுமா என்று விரல் வைத்துத் தேடியதில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குப் பின்னால், அவரவர் மத முறைப்படி எரியூட்டப்பட்ட சுமார் 800 பேருக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு. பெரும்பாலும் இந்தியப் படையினர். போனால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் 170-ஆம் எண் பஸ் பிடித்து, புக்கிட் தீமாவில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள். பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்தது இங்கேதான்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர் நோட்டின் முன்னால். குலை தள்ளிய வாழை வரைந்த நோட்டு அது. பக்கத்தில் பேரனோடு நின்றிருந்த ஒரு அம்மா, நான் தமிழ்ப் புத்தகம் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஊர்லேர்ந்தா தம்பி?" என்று பேச்சுக் கொடுத்தார். ஜொகூர் எஸ்டேட்டில் பிறந்தவராம்.

"இந்த வாழமரத்து நோட்ட எங்கம்மா பொட்டி நிறைய வச்சிருந்தாங்களாம். ஜப்பான்காரன் தோத்ததும் அடுப்பெரிக்கத்தான் ஆச்சு" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதையைச் சொல்லி, "எங்க பெரியப்பாவ சயாம் ரயிலு போடப் பிடிச்சுட்டுப் போனாங்க. திரும்பவே இல்ல. அவரு பேரு எந்தச் செவுத்துலயும் கெடையாது" என்றார். காலையில் பார்த்த அத்தனை பெயர்களும் சட்டென்று நினைவுக்கு வந்தன. பெரியப்பாவின் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

சாயங்காலம் ஃபேரர் பார்க். முஸ்தபாவுக்குப் பக்கத்தில்தான். சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17-ல், பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை பிரிட்டிஷார் அங்கே கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) கதை அங்கிருந்துதான் சூடு பிடித்தது. மூன்று தடவையும் நான் பெட்டியும் பையுமாக அந்த வழியே போயிருக்கிறேன்!

கடைசியாக எஸ்பிளனேட் பூங்கா. ஐ.என்.ஏ.வின் பெயர் தெரியாத வீரனுக்காக நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னம் அங்கே இருந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துவிட்டார்கள். 1995-ல் வைத்த அடையாளப் பலகைதான் இப்போது இருக்கிறது. தேடிப் போகாவிட்டால் கண்ணில் படாது. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மறந்துபோவதற்குள் அந்தப் பெரியப்பாவின் பெயரை எழுதிக்கொண்டேன்.