செவ்வாயில மோட்டார் தண்ணி எடுக்குமாங்க?

விண்வெளிக் கதையை வைத்து ஆடும் ரோல்பிளேயில் அறிவியல் எவ்வளவு நிஜமாக இருக்கவேண்டும்? மூன்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

பீளமேட்டுக்காரர்:
ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை பேசி ஆடுவதுதான் ரோல்பிளே. எங்கள் செட்டில் பாதிப்பேர் பம்ப் தொழிலில் இருப்பவர்கள். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் தம்பி செவ்வாய் கிரகத்தில் ஒரு ஊர் அமைத்திருந்தார். நிஜத்தில் ஏழு மாதம் ஆகும் பயணத்தை நாலே நாளில் முடித்தார், யாரும் வாய் திறக்கவில்லை. வெற்றிடத்தில் துப்பாக்கி வெடித்தது காதில் கேட்டது, அதையும் விட்டுவிட்டார்கள். திறந்தவெளிக் கிணறு, மேலே மோட்டார், முப்பது அடிக் கீழே தண்ணீர் என்றாரோ இல்லையோ, ஆட்டம் நின்றுவிட்டது.

“ஏனுங்க தம்பி, மேல வெச்ச மோட்டார் எப்படி உறிஞ்சும்? அங்கதான் காத்தே இல்லீங்களே?”

நியாயமான கேள்வி. மோட்டார் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. நம் ஊரிலேயே கணக்குப்படி 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது, நடைமுறையில் ஏழெட்டு. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் 1 சதவீதம்கூட இல்லை. ஒரு சாண் ஏறாது, அதற்குள் கொதிக்கவும் தொடங்கிவிடும்.

சரி, சப்மெர்சிபிள் இறக்கலாம் என்றார்கள். அது அடியிலிருந்து தள்ளுவது. ஈர்ப்பு 38 சதவீதம்தான் என்பதால், இங்கே 300 அடி தள்ளுகிற மோட்டார் அங்கே கிட்டத்தட்ட 800 அடி தள்ளும். இதைக் கணக்குப் போட்டதும் எல்லோருக்கும் வெறி வந்துவிட்டது. அன்று வரவேண்டிய கொள்ளைக்காரர்கள் வரவேயில்லை. கடைசிவரை குழாய் உறையாமல் காப்பதே ஆட்டம். நாங்கள் ஆடியதிலேயே அதுதான் அருமை.

ஈரோட்டுக்காரர்:
எங்களுக்கு வாய்த்த கேம் மாஸ்டர் நேரெதிர். பூமிக்கும் செவ்வாய்க்கும் செய்தி போக 3 முதல் 22 நிமிடம் ஆகும், உண்மைதான். அதற்காக நிஜமாகவே கடிகாரம் வைப்பார்களா? பூமியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாங்கள் டீ குடித்து, தேங்காய் பன் தின்று திரும்பினால், கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை என்றார். ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அப்புறம் கூடாரத்தில் விரிசல் விழுந்தபோது, பூமியைக் கேட்க நேரமில்லாமல் நாங்களே முடிவெடுத்தோம் பாருங்கள், அங்கேதான் அந்தத் தாமதத்துக்கு வேலை இருந்தது.

திருப்பூர்க்காரர்:
நாங்கள் ஆடுவது 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளே. அதில் விண்மீன் விட்டு விண்மீன் தாவ, தூரம் எதுவானாலும் சுமார் ஒரு வாரம். அப்பட்டமான புளுகுதான். ஆனால் கப்பலைவிட வேகமாகச் செய்தியும் போகாது என்று கறாராக வைத்திருக்கிறார்கள். விலை தெரியாமலே சரக்கு ஏற்றவேண்டும், இறங்குவதற்குள் விலை விழுந்திருக்கும். ஏற்றுமதிக்காரர்கள் நிறைந்த எங்கள் கூட்டத்தில் அந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. லோடுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று மட்டும் கேட்டார்கள்.