கம்பர்லாண்ட் தீவு விடுதியில் தங்கியவர்கள் சொல்லுங்களேன்

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் உள்ள கம்பர்லாண்ட் தீவுக்குப் போகிறேன். கிரேஃபீல்ட் விடுதியில் இரண்டு இரவு. 1900-இல், எஃகுத் தொழிலில் பெயர்பெற்ற கார்னகி குடும்பம் கட்டிய வீடு, 1962 முதல் விடுதி. தீவுக்குப் பாலம் கிடையாது, படகுதான். அங்கே கடையும் இல்லை. ஒரு மாத்திரையை மறந்தாலும் சிக்கல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. படகில் ஏறும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்குமா? படத்தில் வாசலிலேயே நிறையப் படிகள் தெரிகின்றன. உள்ளே கீழ்த்தளத்தில் அறை கேட்டால் கிடைக்குமா? அப்புறம், டன்ஜனஸ் மாளிகை இடிபாடுகள் வரை மண்பாதையில் நடக்க அம்மாவால் முடியாது, வண்டியில் கூட்டிப்போவார்களா?

அங்கே திரியும் குதிரைகளின் படத்தைக் காட்டியதிலிருந்து அம்மா தினமும் அதைப் பற்றியே பேசுகிறார். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் போனால் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.