ஆண் ஊழியர் யாரிடம் புகார் கொடுப்பது?

வணக்கம். தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மேலாளர் ஒரு பெண்மணி. கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் என் உடம்பைப் பற்றிப் பேசுவார். "இந்தத் தொப்பைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்பார், அறையே சிரிக்கும். இதில் பாதிகூடப் பேசாத ஓர் ஆண் ஊழியருக்குப் போன மாதம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான். எனக்கு மட்டும் "விளையாட்டாகச் சொன்னார், விடுங்கள்" என்கிறது மனிதவளத் துறை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்துக்குள் அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை நாடும் உரிமை பெண்களுக்கே என்பது தெரியும். இதே பிரச்சினை குறித்து உச்ச நீதிமன்றம் கொடுத்த 1997 விசாகா தீர்ப்பின் வழியில் வந்த அந்தச் சட்டம் தேவையானது. தயவுசெய்து அந்தச் சண்டையை இங்கே தொடங்காதீர்கள். ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் நடத்தை விதிகளை இருபாலருக்கும் பொதுவாக எழுதியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் புகார் கொடுத்த ஆண்கள் இங்கே இருக்கிறீர்களா? கடிதத்தை யாருக்கு எழுதினீர்கள், எந்த விதியைச் சுட்டினீர்கள்? சென்னையில் தொழிலாளர் வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர் தெரிந்தாலும் சொல்லுங்கள். ஆண்டு மதிப்பீடு அவர் கையில் இருப்பதால் பெயரை மறைத்தே எழுதுகிறேன்.