மறு: ஃபவுண்ட் ஆப்ஜெக்ட் கொலாஜ் – தனிச்சொல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கண்டெடுத்த பொருள்களைச் சேர்த்து ஆக்கும் கலைக்குத் தமிழில் ஒரு தனிச்சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதற்கு ஐயா எழுதியது:

> கொலாஜுக்கு ‘ஒட்டோவியம்’ என்று ஏற்றுக்கொண்டோம். அப்படியே ‘கண்டெடுத்த பொருள் ஒட்டோவியம்’ என்று போட்டுவிடலாமே. தனிச்சொல் எதற்கு?

ஐயா, காகிதம் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. கொலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லே ஒட்டுவதிலிருந்து பிறந்ததுதான். 1912-இல் ஓவியர் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தன் படத்தில் ஒட்டினார். அது ஒட்டோவியம், சந்தேகமில்லை. ஆனால் அதே படத்துக்குச் சட்டம் போடாமல் சுற்றிலும் கயிற்றைக் கட்டினாரே, அங்கேதான் சொல் போதாமல் போகிறது.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் பணிபுரிந்த சிற்பி எல் அனட்சூயி, மதுப்புட்டி மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் பிணைத்துச் சுவரளவு தொங்கவிடுகிறார். அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் நியூயார்க் தெருக்களில் எடுத்த மரத்துண்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கினார். பிரிட்டிஷ் சிற்பி டோனி கிராக் 1978-இல் பிளாஸ்டிக் குப்பையைத் தரையில் பரப்பி வைத்தார். இவற்றில் எதையும் ‘ஒட்டு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். தூரிகை பிடிப்பவர் நிறத்தைக் குழைத்துக்கொள்கிறார். இந்தக் கலையில் நிறம் பொருளோடு வருகிறது. அதன் அளவோடு, வெயிலில் வெளுத்த வெளுப்போடு வருகிறது. கொஞ்சம் ஆழமான சிவப்பு வேண்டுமென்றால் தேடத்தான் வேண்டும். கையில் இருக்கும் ஒரே சிவப்பு காசளவு மூடி என்றால், மற்ற சாம்பலும் பழுப்பும் அந்த மூடியை ஒட்டித்தான் இடம் பிடிக்க வேண்டும். நிறம்தான் அமைவைத் தீர்மானிக்கிறது. (காம்போசிஷனுக்கு ‘அமைவு’ போதும். ‘அமைப்பு’ என்றால் சங்கம் வைத்திருப்பவர்கள் வந்துவிடுவார்கள்.)

கிராக்கின் அந்தப் படைப்பு நியூட்டனின் நிறமாலை வரிசையில் அமைந்தது. தூரத்தில் பார்த்தால் ஒழுங்கான நிறப்பட்டை. கிட்டே போனால் ஒரே மஞ்சளுக்குள் பளபளப்பான துண்டு, சுண்ணாம்பு பூத்த துண்டு, உடைந்த விளிம்பு எல்லாம் இருக்கின்றன. ‘மஞ்சள்’ என்று ஒரே பெயரில் சொல்லிவந்தது எத்தனை மஞ்சள்கள் என்று கண் எண்ணத் தொடங்குகிறது. நெவல்சன் எதிர்த்திசையில் போனார். 1958-இன் ‘ஸ்கை கதீட்ரல்’ முழுவதையும் ஒரே கறுப்பில் பூசிவிட்டார். நாற்காலிக் கால், கைப்பிடி, சட்டம் என்று எது எதுவாக இருந்தது என்பது மங்கி, நிழலும் விளிம்பும் மட்டும் பேசுகின்றன. நிறத்தை எடுத்துவிட்டால் அமைவு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு:

ஃபவுண்ட் ஆப்ஜெக்ட் – எடுபொருள்
அவற்றைச் சேர்த்து ஆக்கிய படைப்பு – எடுபொருட்கோவை

ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அதனால் ‘எடுப்பொருள்’ என்று ஒற்று மிகாது. அகப்பொருட்கோவை என்ற இலக்கிய வழக்கு ஏற்கெனவே இருப்பதால் காதுக்கும் அந்நியமில்லை. மல்லிக்கு நடுவே எங்கே கனகாம்பரம் வைப்பது என்று பார்த்துத்தானே பூக் கோக்கிறோம். நிறமும் அமைவும் ‘கோவை’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

அன்புடன்.

---

வணக்கம் அம்மா.

‘கோவை’ பிடித்திருக்கிறது. ‘எடு’தான் இடிக்கிறது. தேடாமல் கண்ணில் பட்டதுதானே ஃபவுண்ட்? ‘கிடைபொருள்’ என்றால் அந்தத் தற்செயல் வந்துவிடும். பள்ளியில் ஓவிய வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் இன்னொன்றும்: பிள்ளைகள் ‘கொலாஜ்’ என்றுதான் சொல்வார்கள். நீளமான சொல்லைக் கொடுத்தால் தேர்வுத்தாளோடு நின்றுவிடும்.

---

ஐயா, ‘கிடை’யை நானும் எழுதிப் பார்த்தேன். கிடைக்கோடு, கிடைமட்டம், ஆட்டுக்கிடை எல்லாம் குறுக்கே வருகின்றன. அது சின்னச் சிக்கல்தான், விளக்கம் கொடுத்துச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல், ‘கிடை’ என்றால் கலைஞரின் கண் காணாமல் போகிறது. முதல் உலகப்போர் முடிந்த ஜெர்மனியில், ஹனோவரில், குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற கலைஞர் டிராம் டிக்கெட்டும் உறைத்தாளும் மரச்சில்லும் சேர்த்தாரே, அவை ஊரில் எல்லோர் காலடியிலும் கிடந்தவை. ‘கொம்மெர்ட்ஸ்’ (வணிகம்) என்று அச்சிட்ட ஒரு தாளிலிருந்து ‘மெர்ட்ஸ்’ என்ற துண்டை மட்டும் வெட்டி, தன் கலைக்கே அதைப் பெயராக வைத்தவர் அவர். கிடைத்தது எல்லோருக்கும், எடுத்தது அவர்.

வகுப்புக்கு ‘கோவை’ என்று மட்டும் சொல்லுங்கள், போதும். “இன்றைக்குக் கோவை செய்யலாம், ஆளுக்கு ஐந்து நீலம் கொண்டுவாருங்கள்” என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். முழுச்சொல் பட்டியலில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சுக் கலைஞர் டுஷாம்ப் 1914-இல் பாரிஸ் கடையில் விலைக்கு வாங்கிய புட்டித் தாங்கி எடுபொருள் ஆகாது. அவருடைய ரெடிமேட் (கடையில் வாங்கியபடியே கலையாக வைத்த) பொருள்கள் கண்ணுக்கு அழகா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் தேர்ந்தவை. நிறத்துக்காகக் குனிந்து எடுத்தவை அல்ல. ரெடிமேடுக்கு வேறு சொல் பார்க்க வேண்டும். ‘ஆயத்தப்பொருள்’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் ஆயத்த ஆடையோடு குழம்புமோ என்று தயக்கம். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள்.